ஈற்றடி

பனச்சமூடு,
ஞாயிறு மாலை

மக்களே,

நீ அனுப்பிய குறள் வெண்பா வந்து சேர்ந்தது. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் அசை பிரிக்கத் தொடங்கினால் "கேட்கவில்லை அம்மா" என்கிறாய். நான் கத்துகிறேன். நமக்குள் ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் தாளிலேயே எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான். இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு படி.

நான் கொடுத்த ஈற்றடி, அதாவது கடைசி அடி, 'சிரட்டை நிறையும் பொழுது'. அப்பா ரப்பர் பால் பிடித்த சிரட்டைதான். நீ முடித்திருப்பது இப்படி:

இருட்டில் தீப்பந்தம் ஏந்தினார் அப்பா
சிரட்டை நிறையும் பொழுது

தொடக்கத்திலேயே தளை தட்டுகிறது, ஒரு சீர் அடுத்த சீரோடு இணைகிற ஓசை இடறுகிறது. 'இருட்டில்' மாச்சீர், நேரசையில் முடிகிற ஈரசைச் சீர். மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், மெய் நீங்கலாக இரண்டெழுத்து இணைந்த அசை. நீ 'தீ' என்று ஓரெழுத்து நேரசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். இலக்கணம் கிடக்கட்டும். தை, மாசியில் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கிற ரப்பர் தோட்டத்துக்குள் யாராவது தீப்பந்தத்தோடு போவார்களா? அப்பா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனார். இருமிக்கொண்டே மேட்டில் ஏறுவார், அந்த வெளிச்சமும் கூடவே ஆடும். நீ ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாய். அந்தப் பந்தம் உன் ஜன்னலுக்கு வெளியே இருந்ததில்லை, ஏதோ சினிமாவிலிருந்து வந்திருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளின் வெண்பாக்களைத் திருத்திய காலத்திலும் இதைக் கவனித்திருக்கிறேன். தளை தட்டும் இடத்தைச் சுரண்டினால் பெரும்பாலும் கடன் வாங்கிய சொல் ஒன்று அடியில் இருக்கும்.

'விளக்கேந்தி ஏறினார்' என்று மாற்றினேன். 'விளக்' நிரை, ஓசை சரியாகிவிட்டது. 'இருட்டில்', 'ஏறினார்' என்று மோனையும் விழுந்தது.

அத்தோடு முடிந்தது என்று எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன். உன் இரண்டாவது தவறு தளை தட்டாத இடத்தில் இருந்தது. இருட்டில் ஏறினார், சரி. அப்போதா சிரட்டை நிறையும்? விடியும் முன் வெட்டத் தொடங்கினால், பால் சொட்டுச் சொட்டாக வடிந்து சிரட்டை நிறைய வெயில் வந்துவிடும். அதற்குள் அப்பா இறங்கிவந்து, பழஞ்சோறு தின்று, வாளியோடு மறுபடி போயிருப்பார். உன் குறளில் இரண்டு பொழுதும் ஒன்றாகிவிட்டன. அவரே படித்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். கவிதை அவருக்கு ஒரு பொருட்டல்ல, ஆனால் நேரக்கணக்கில் விடமாட்டார்.

'அப்பா'வை எடுத்துவிட்டு அதே தேமா (நேர் நேர்) அளவில் என்ன வைக்கலாம் என்று யோசித்தேன். 'நேற்று' வைத்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. பிறகு வந்தது:

இருட்டில் விளக்கேந்தி ஏறினார் எங்கே
சிரட்டை நிறையும் பொழுது

ஒரே ஒரு சீர்தான் மாறியது. இப்போது 'ஏறினார்' வினையாலணையும் பெயர், ஏறியவர். இரண்டு பொழுதும் தனித்தனியாக நிற்கின்றன. எழுதிவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். கடிதத்தை மறுநாள்தான் தொடர்ந்தேன்.

'ஏந்தி' என்பதும் பாதிப் பொய்தானே, லைட் நெற்றியில் அல்லவா இருந்தது என்று நீ மடக்குவாய். 'விளக்கணிந் தேறினார்' என்றும் பார்த்தேன். வெண்டளை கெடவில்லை, ஆனால் காதில் 'தேறினார்' என்று விழுகிறது, ஏதோ பரீட்சையில் தேறியவர் போல. வேண்டாம். நெற்றியும் ஏந்தத்தான் செய்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஈற்றடி கொடுத்து எழுதச் சொல்வது பள்ளிக்கூடப் பயிற்சி போல இருக்கிறது என்று போன வாரம் அலுத்துக்கொண்டாய். நம் இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், 1907இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்து காட்டியவர். 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஒருவர் அவருக்கு ஈற்றடி கொடுத்தாராம். இஸ்லாமியர் திணறுவார் என்ற எண்ணம். பாவலர் பரதனையும் இலக்குவனையும் சொல்லி, முந்தைய சீரின் முடிவில் 'சத்' என்று ஓர் அசையை மட்டும் வைத்தார். சத்துருக்கனுக்கு ராமன் துணை. யாருடைய வரியிலும் அவரவருக்கு ஒரு வழி இருக்கிறது என்று காட்டிய அந்த 'சத்'தை எனக்கு அவ்வளவு பிடிக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அக்ஷரசுலோகம் சொல்கிறவர்களும் இதே வகைதான். ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அதை யாரும் பயிற்சி என்று சொல்வதில்லை, போட்டி என்று கூட்டம் கூடிக் கேட்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி நீளமாகப் புதுக்கவிதையில் எழுதப் போகிறேன் என்றாய். எழுது. ஆனால் இந்த ஏழு சீரில் அகப்பட்ட இரண்டு தவறும் எழுபது வரியில் அகப்பட்டிருக்காது என்பது என் சந்தேகம். நானே எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையில் முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. மெய்யை எண்ணக்கூடாது. மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்து, பக்கத்திலிருந்த பாட்டி ஜெபம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திருத்துகிறேன் என்று தினமும் கையை வைக்காதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் அப்பா மரத்தைத் தொடுவார். பட்டையை மெலிதாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முடிச்சு விழுந்துவிடும். போன மாதம் நீ அனுப்பிய சமையலறைக் கவிதையில் அந்த முடிச்சு தெரிந்தது. முதல் படி வைத்திருக்கிறாயா? அதுதான் நன்றாக இருந்தது.

தோட்டத்தில் மரங்களுக்கு மழைக்காப்பு ஒட்டியாகிவிட்டது. வெட்டுக்கு வேறு ஆள் வருகிறார். நல்ல கைதான், ஆனால் சிரட்டையைக் கவிழ்த்து வைக்காமல் போய்விடுகிறார், நான்தான் போய்க் கவிழ்க்கிறேன்.

அடுத்த ஞாயிறுக்கு ஈற்றடி: 'கேரளத்துப் பஸ்ஸின் ஒலி'. விடியற்காலையில் வெள்ளறடையிலிருந்து வருகிற முதல் பஸ்தான். அப்பா அதைக் கேட்டுத்தான் மணி பார்ப்பார். எதுகைக்கு ஓரம், ஈரம், சாரல் எல்லாம் இருக்கின்றன. 'தூரம்' என்று மட்டும் தொடங்காதே. வெளிநாட்டிலிருந்து எழுதுகிற எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்.

அம்மா