நமது தூண்டில் சங்கம்: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, சந்தா கட்டிய அன்பர்களே, இனிக் கட்டப்போகிற அன்பர்களே, வணக்கம்.

பெப்ரவரியில் நடக்கவிருந்த ஐஸ் மீன்பிடி, அதாவது உறைந்த நீரில் ஓட்டை போட்டுத் தூண்டில் விடுவது, ஐஸ் போதிய அளவு தடிக்காததால் கைவிடப்பட்டது. ஜூனில், தந்தையர் தின வார இறுதியில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே தூண்டில் போடலாம் என்பதால் பிள்ளைகளை ஒட்டாவா ஆற்றங்கரைக்குக் கூட்டிச் சென்றோம். கோடை ஒன்றுகூடலில் மீன் குறைவு, கொத்துரொட்டி நிறைவு.

இலையுதிர்காலப் பயணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்தவர்களைவிட வராதவர்களே அதைப் பற்றி அதிகம் பேசிவிட்டார்கள்.

வழக்கமாக ஒக்டோபரில், நன்றி நவிலல் விடுமுறையில் போவோம். வெயில் இருக்கும், மேப்பிள் சிவந்திருக்கும், படம் எடுக்க நல்ல காலம். ஆனால் வால்ஐ எனப்படும் பிக்கரல் மீன் பிடிக்க வேண்டுமென்றால் தண்ணீர் இன்னும் குளிர வேண்டும். பாசி மடிந்த பிறகுதான் அதற்குள் ஒளிந்திருந்த பொடிமீன் வெளியே வந்து ஆழத்தின் விளிம்பில் கூடும். பிக்கரலும் பின்னாலேயே வரும். வசந்தத்தில் இடப்போகும் சினை பெண்மீனின் வயிற்றில் இப்போதே வளர்வதால் அதற்குப் பசியும் அதிகம். கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் இருப்பதால் மங்கலில் அது இரையைப் பார்க்கும். இரை அதைப் பார்க்காது. நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னால் திருப்பியதும் நான்கரைக்கே பொழுது பட்டுவிடுகிறது. மீனையும் பிடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆகவே பயணத்தை நவம்பருக்கு மாற்றினேன். குளிர் என்றார்கள். கனடாவில் நவம்பர் குளிரத்தான் செய்யும்.

போன இடம் சென்ற் லோறன்ஸ் ஆற்றில் லோங் சோ. அணைக்காக 1958 ஜூலை 1 அன்று ஊர்களையே மூழ்கடித்த பகுதி. ஆழம் காட்டும் கருவியின் திரையில், அடியில் கிடக்கும் பழைய இரண்டாம் இலக்க நெடுஞ்சாலை அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு மாதிரித் தெரிந்தது. படகை நீரோட்டத்தோடு விட்டு, மின்மோட்டாரால் அடக்கி, தங்கூசி நெட்டுக்குத்தாக நிற்கும்படி ஈயத்தலை முள்ளைத் தரையில் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். அரை அவுன்ஸ் ஈயம் போட்டவர்களின் தங்கூசி சாய்ந்தே போனது. முக்கால் அவுன்சுக்கு மாறிய பிறகுதான் கைக்குத் தரை தெரிந்தது. கடி பலமாக இராது. ஈயம் திடீரெனப் பாரமற்றுப் போகும், அவ்வளவுதான். அந்தக் கணம் சுண்ட வேண்டும்.

இருட்டியபின் ஒரு பெரிய மீன் ஏறியது. விளக்கு பட்டதும் கண் வெள்ளையாகத் தகதகத்தது. வால் நுனியின் கீழ்ப்பக்கத்தில் அந்த இனத்துக்கே உரிய வெண்புள்ளி. பலகையில் வைத்தால் 63 சென்ரிமீற்றரைத் தாண்டியது. ஆளுக்கு நான்கு மீன், அதில் அந்த அளவுக்கு மேற்பட்டது ஒன்றுதான் என்பது சட்டம். ஒன்றை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தாலும், சினைமீன் என்பதால் அதைத் திரும்ப ஆற்றில் விடச் சொன்னேன். அன்று கைநழுவிய சினைப்பொரியலைப் பற்றி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பது அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் போடாதீர்கள் என்று நான் கத்தியதும் இதற்காகத்தான். அங்கிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை ஊதிவிடும். விட்டாலும் பிழைப்பது அரிது.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. ஒருவருக்குச் சாமத்திய வீடு, ஒருவருக்குத் தடிமன், இன்னொருவர் இன்னமும் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு படகுக்கும் முன்பணம் கட்டியாயிற்று. வராத ஆளுக்குப் படகுக்காரர் காசு கழிப்பதில்லை. அந்த இழப்பைச் சுமந்தவர்கள், ஒழுங்காகச் சந்தா கட்டி, ஒழுங்காக வந்து, விரல் விறைத்தவர்கள்.

மிதவை அங்கி வாங்கியது வீண்செலவு என்று ஒரு குரல் எழுந்தது. படகில் ஆளுக்கொன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். மேலும், அந்தத் தண்ணீரில் விழுந்தால் பத்து நிமிடத்தில் கை சொல்வழி கேட்காது. நீச்சல் வீரர் என்ற பட்டம் அங்கே செல்லாது. நிர்வாகசபையில் பேசித்தான் வாங்கினேன். அன்று வந்திருந்தால் எதிர்த்தும் பேசியிருக்கலாம்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. நிலுவைச் சந்தா வந்தால் முழுவதும் சரி. விபரம் பொருளாளரிடம் உண்டு.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், பயணமன்று வாகனம் ஓட்டியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நவம்பர்தான் என்பது என் பரிந்துரை. படகுக்கான முன்பணம் ஓகஸ்டில் கட்ட வேண்டும். இம்முறை காசு தந்தவர் பெயரையே பட்டியலில் சேர்ப்பதாக உத்தேசம். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சி. அங்கிகள் என் வீட்டு நிலவறையில்தான் இருக்கின்றன, வாகனம் கொண்டு வந்தால் இன்றே ஏற்றித் தருவேன். அதுவரை, வாசல் மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பொருளாளர் கூட்டம் முடியும்வரை இருப்பார்.

செயலாளர்