அந்தக் குட்டிப் பெண்

அன்புள்ள மல்லிகா,

முட்டி வலி தேவலையா? பேரன் நடை பழகுகிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உடனே கிளம்பி வந்து அவனைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, கல்லூரியில் நீ படிக்கக் கொடுத்த ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' கிடைத்தது. 1960-இல் வந்த நாவல். இரண்டே ராத்திரியில் மறுபடி முடித்துவிட்டேன்.

அன்று நமக்கு வக்கீல் அட்டிகஸ்தான் எல்லாம். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்ப்பழி சுமந்த கறுப்பினத்து டாம் ராபின்சனுக்காக அவர் வாதாடும் பக்கங்கள் முழுக்க நீ போட்ட பென்சில் கோடுகள். பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி டாமின் இடக்கை சிறுவயதிலேயே விளங்காமல் போயிருந்தது. அந்தப் பெண்ணை அடித்தவனோ இடக்கைக்காரன் என்று சாட்சியமே காட்டுகிறது. ஆனாலும் ஜூரிகள் 'குற்றவாளி' என்றார்கள். அட்டிகஸின் மகன் ஜெம் அழுதபோது நாமும் ஹாஸ்டல் மொட்டைமாடியில் அழுதோமே.

இது வெறும் கதையும் இல்லை, மல்லிகா. 1931-இல், கதை நடக்கும் அதே அமெரிக்க மாநிலமான அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில், 9 கறுப்பின இளைஞர்கள் மேல் இதே பழியைப் போட்டு 8 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

இந்த முறை என் மனசு வேறோர் இடத்தில் நின்றுவிட்டது. சிறையிலிருந்து தப்ப ஓடிய டாமைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். உடம்பில் 17 குண்டுகள். செய்தி சொல்ல அட்டிகஸ் அவன் வீட்டுக்குப் போகிறார். முற்றத்தில் பையன்கள் கோலி விளையாடுகிறார்கள். சின்னச் சின்னப் பின்னல்களின் நுனியில் பளிச்சென்று ரிப்பன் கட்டிய குட்டிப் பெண் ஒருத்தி வாசலுக்கு வந்து, அவரைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். படியிறங்க வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு விரலை நீட்டுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். பிறகு டாமின் மனைவி ஹெலன் வருகிறாள். அவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அப்படியே மண்ணில் சாய்ந்துவிடுகிறாள்.

கதையைச் சொல்லும் ஸ்கவுட், அட்டிகஸின் மகள், அநியாயத்தை நீதிமன்ற மாடத்தில் உட்கார்ந்து, எட்டு வயதில் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல அப்பா இருந்தார். இந்தக் குழந்தைக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? பேர்கூடச் சொல்லாமல் நாவல் அவளைக் கடந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இப்போது பெரிய குறையாகப் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

அந்தப் பக்கத்தில் உன் கோடு ஒன்றுகூட இல்லை. நேற்று நான் ஒன்று போட்டேன். பொங்கலுக்கு வரும்போது புத்தகத்தைக் கொண்டு வருகிறேன், பார்.

அன்புடன்,
சரோஜா