ஆர்க்கிட் பசுங்கணிகத்தில் நீளம் ஒத்தால் உறவாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்க்கிட்களின் பசுங்கணிகத்தில் (தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பு) உள்ள டி.என்.ஏ. பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், மறுநிகழ்வுகள், அதாவது டி.என்.ஏ.வில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரும் தொடர்கள், ஒரே நீளத்தில் அமைந்த இரண்டு இனங்கள் நெருங்கிய உறவுடையவை என்று அதில் கூறியிருப்பதை ஏற்க இயலவில்லை. மறுநிகழ்வுகள் அனைத்தும் ஒரே வகையின அல்ல. அவை மாறும் விதமும் ஒன்றல்ல.

டி.என்.ஏ.வின் ‘எழுத்துகள்’ எனப்படும் நான்கு காரங்களுள் அடினைனோ தைமைனோ பத்துப் பன்னிரண்டு முறை அடுத்தடுத்து வரும் குறுந்தொடர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது புதிய இழை இத்தகைய இடங்களில் சற்றே வழுக்கி, ஓரிடம் தள்ளிப் பொருந்திவிடுவதுண்டு. அப்போது ஓர் எழுத்து கூடும், அல்லது குறையும். பத்து எழுத்து பதினொன்றாவதும், பின்னொரு காலத்தில் அது மீண்டும் பத்தாவதும் தொடர்பற்ற இனங்களில் தனித்தனியே நிகழக்கூடியவை என்பதால், அந்த ஒப்புமை மூதாதையிடமிருந்து வந்ததா, தற்செயலாக நேர்ந்ததா என்பதை நீளத்தை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடுகளை அறிய இத்தொடர்கள் பெரிதும் உதவும். பேரினங்களுக்கு இடையிலான உறவுக்கு இவை நம்பத்தக்க சாட்சி அல்ல. போதாக்குறைக்கு, ஒரே எழுத்து நீண்டு தொடரும் இடங்களில் வரிசையறியும் கருவிகளே எண்ணிக்கையில் தவறுவதுண்டு.

பசுங்கணிகத்தின் மிகப் பெரிய மறுநிகழ்வின் போக்கோ இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில், ஏறத்தாழ 1,50,000 கார இணைகள் கொண்ட டி.என்.ஏ.வில், சுமார் 25,000 இணைகள் நீளமுள்ள ஒரு பகுதி எதிரெதிர்த் திசைகளில் இருமுறை இடம்பெறுகிறது. ஒரு பிரதியில் நேரும் பிழையை மற்றொன்றை வைத்துத் திருத்திக்கொள்ள வழியிருப்பதால், இதன் எழுத்துகள் ஒருமுறை மட்டுமே வரும் ஒற்றைப் பகுதிகளில் இருப்பவற்றைக் காட்டிலும் மெதுவாகவே மாறுகின்றன. எழுத்து அதிகம் மாறாவிட்டாலும் இப்பகுதியின் எல்லை நகர்கிறது என்பதுதான் ஆர்க்கிட்களில் சுவையான செய்தி. ஆர்க்கிட்களில் முதன்முதலாக 2006-இல் பெலனாப்சிஸ் அஃப்ரோடைட்டின் பசுங்கணிகம் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, அதில் ஒளிச்சேர்க்கைக்குத் துணைபுரியும் என்.டி.எச். மரபணுக்கள் சிதைந்தோ மறைந்தோ போயிருப்பது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று இந்த எல்லையை ஒட்டி அமைவது. அது அழியும் இனங்களில் எல்லையும் நிலைகுலைவதைப் பின்னர் கண்டனர். மற்ற தாவரங்களில் பொதுவாக 18,000 இணைகள் அளவில் இருக்கும் சிறிய ஒற்றைப் பகுதி (இரு பிரதிகளுக்கு இடையே அமைவது), வெனிலா ஆர்க்கிட்டில் ஏறக்குறைய 2,000 ஆகச் சுருங்கிக் கிடக்கிறது.

சிப்ரிபீடியம் என்ற ஆர்க்கிட் பேரினத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை என்பது வியப்பளிக்கிறது. அதன் ஓர் இனத்தில் பசுங்கணிக டி.என்.ஏ. 2,00,000 இணைகளையும் தாண்டியிருக்கிறது. கூடியவை புதிய மரபணுக்கள் அல்ல. மரபணுக்களுக்கு இடையே பெருகிய, அடினைனும் தைமைனும் மிகுந்த மறுநிகழ்வுகள். ஒளிச்சேர்க்கையைக் கைவிட்டுப் பூஞ்சையிடம் உணவு பெறும் எபிபோஜியம் ரோசியத்திலோ மொத்தமே சுமார் 19,000 இணைகள்தாம். ஒரே குடும்பத்துக்குள் அளவு இப்படிப் பத்து மடங்கு வேறுபடும்போது, நீளத்தை உறவின் அளவுகோலாக எப்படிக் கொள்வது?

கட்டுரையின் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்