பீடோங்கிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சாந்தா,

பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் நலம். ராஜம்மா அக்காள் விஷயத்தை நேரில் சொல்கிறேன், எழுதினால் வம்பு. எழுத உட்கார்ந்த காரணமே வேறு: சமையலறைக் கழிவை உரமாக்கும் என் மண்புழுப் பெட்டியிலிருந்து முதல் உரம் எடுத்துவிட்டேன்!

சிரிக்காதேடி. தவளையைக் கண்டு அறிவியல் வகுப்பை விட்டு ஓடியவள்தானே நீ! வந்து முகர்ந்து பார். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்கிறது. நாற்றமே இல்லை.

இது நாம் கால்வாயோரம் தூண்டிலுக்குத் தோண்டிய புழு இல்லை. ஆப்பிரிக்கன் நைட் கிராலர் என்ற மண்புழு வகை, நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும். துளையிட்ட பெட்டியில் தேங்காய் நாரையும் கிழித்த நாளிதழையும் நனைத்துப் பிழிந்து பரப்பினால் போதும். தோலால்தான் அது மூச்சு விடுகிறது, அதனால் காயவும் விடக்கூடாது, தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது. கீரைத்தண்டு, பழத்தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் தின்னும். மீன் குடல், மிளகாய்ச் சம்பல், எலுமிச்சை வேண்டாம். தேங்காய்ச் சக்கையைக் குவித்தால் சூடேறிப் புளித்துவிடும், கொஞ்சமாகப் போடு. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டி வைத்த மேசையின் காலைத் தண்ணீர் டின்னில் வைக்கச் சொல்வார்கள். கேட்காதே, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். காலில் கிரீஸ் தடவு.

உரம் எடுப்பது சுலபம். சில வாரம் ஒரு பக்கம் மட்டும் தீனி வை. புழுக்கள் அங்கே போய்விடும், மறுபக்கத்தை அள்ளலாம்.

நம் கெடா மாநிலத்தில் 2015 செப்டம்பரிலிருந்தே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் வீட்டு வரிசையில் இன்னும் எல்லாம் ஒரே பையில்தான். குரங்கு கிழித்துப் போட்டதும் சண்டை வேறு! அந்தச் சோறும் கறியும் குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகினால் மீத்தேன்தான் கிளம்பும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

எனக்கு இன்னொரு ஆத்திரமும் உண்டு, சாந்தா. தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் அம்மா எத்தனை வருடம் சாணியும் சாம்பலும் கொட்டி அந்த மண்ணை வளர்த்தார்! கத்தரி, மரவள்ளி, முருங்கை எதுதான் வரவில்லை? தோட்டத்தைத் துண்டாடியபோது வேலை செய்த வருடங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். மண்ணை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தத் தாமான் குடியிருப்பைக் கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டுக் கல்லும் களிமண்ணும் கொட்டியிருக்கிறார்கள், மண்வெட்டி இறங்காது. அதில்தான் இப்போது உரத்தைக் கலக்கிறேன். மிளகாய் பூத்துவிட்டது, அடுத்தது மரவள்ளி.

உன் அடுக்குமாடிப் பால்கனிக்கும் இந்தப் பெட்டி சரிப்படும், நிழல் இருந்தால் போதும். தீபாவளிக்கு வரும்போது மூடியுள்ள வாளி ஒன்று கொண்டு வா, மூடியில் துளை போட்டிரு, புழு போட்டுத் தருகிறேன். திரும்பும்போது அதைக் கார் பின்பெட்டியில் வைத்துவிடாதே, ஜொகூர் போய்ச் சேருவதற்குள் புழு வெந்துவிடும். உன் காலடியில் வைத்துக்கொள்.

அன்புடன்,
விஜயா