ரத்தக் காட்டேரியும் பனைமர யட்சியும்

கொழிஞ்சாம்பாறை
ஆனி 12

அன்புள்ள சுசீலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி பாதிக் காரணம். மீதிப் பாதி, நீ கேட்டிருந்த அந்தப் புத்தகம். "பேத்தி சோறு தண்ணீர் மறந்து இதிலேயே கிடக்கிறாள், நீ படித்துவிட்டுச் சொல்" என்று எழுதியிருந்தாய். தேடவேண்டிய வேலையே இல்லை, என் பேத்தியின் தலையணைக்கு அடியிலும் அதுதான் இருந்தது. கறுப்பு அட்டையில் ஆப்பிளை ஏந்திய இரண்டு கைகள். ஸ்டெஃபனி மேயர் 2005இல் எழுதிய ‘ட்வைலைட்’ நாவல்.

வெயில் பட்டால் சாம்பலாக வேண்டிய ரத்தக் காட்டேரி இதில் வைரம்போல மினுங்குகிறானே என்று கேலி செய்திருந்தாய். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவே லண்டன் வீதியில் பட்டப்பகலில் நடக்கிறான். பகலில் அவனுக்குப் பலம் குறையும், அவ்வளவுதான். வெயிலில் கரைந்து அழிகிற வழக்கத்தை 1922இல் ஓர் ஊமைப்படம் தொடங்கிவைத்தது. ஆகையால் மினுங்கிவிட்டுப் போகட்டும். அவனைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லையே, அதுதான் என் குறை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கரும்பனைகளை நீ பார்த்திருக்கிறாய். சிறுவயதில் அப்பத்தா சொன்ன யட்சி அங்கேதான் இருந்தாள். இருட்டில் தனியாக வருகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். இரும்பு ஆணியின் நுனியில் வைத்து நீட்டினால் பிழைத்தான். அழகில் மயங்கிக் கையால் கொடுத்தானோ, பனைமரம் அவன் கண்ணுக்கு மாளிகையாகத் தெரியும், பின்னாலேயே ஏறிப்போவான். விடிந்தால் மரத்தடியில் முடியும் நகமும்தான் கிடக்கும். ஆணியா கையா என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்கிறானே, கதையின் உயிர் அங்கே இருக்கிறது. மேயரின் காட்டேரி எட்வர்ட் மிருக ரத்தம் குடித்துப் பசியாறுகிறான், "நான் ஆபத்தானவன்" என்று பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கிறான், ஒரு கீறல்கூடப் போடுவதில்லை. ராத்திரியில் ஜன்னல் வழியாக நுழைந்து, தூங்குகிற பெண்ணை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் தெருவில் எவனாவது அப்படிச் செய்தால் மறுநாள் பஞ்சாயத்து வைத்திருப்போம். இங்கே அதற்குப் பெயர் காதல். கதாநாயகி பெல்லாவுக்கு விஷயம் தெரிந்ததும் கூச்சப்படுகிறாள், கோபப்படுவதில்லை. உன் பேத்தியிடம் பேசுவதானால் இந்த இடத்தைப் பற்றிப் பேசு.

எட்வர்ட் பிறந்தது 1901இல். 1918இல் சிகாகோவில் விஷக்காய்ச்சல் கண்டு சாகக்கிடந்தபோது காட்டேரியாக்கப்பட்டவன். எண்பது வருடத்துக்கு மேல் உலகத்தைப் பார்த்த ஒருவன் எவ்வளவு பேசலாம்! முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். மறுபடி அதே வகுப்பில் உட்காரும் பையனின் சலிப்பு அவனிடம் இருக்கிறது. வயதுக்குரிய ஞானத்தை மட்டும் எங்கே தேடியும் காணோம்.

பெல்லாவுக்கோ அவனைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அப்பாவுக்குச் சமைக்கிறாள், தடுக்கி விழுகிறாள், அவன் முக அழகை வர்ணிக்கிறாள். அந்த வர்ணனையைப் பாதியாக வெட்டியிருந்தால் காகிதமாவது மிஞ்சியிருக்கும். 24 அத்தியாயத்தில் எதிரிகளான வேறு காட்டேரிகள் வந்து சேர்வது 18இல். அதற்குப் பிறகு கதை ஓடத்தான் செய்கிறது. அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன்னந்தனியாக எதிரியிடம் போகிறாள் பெல்லா. எல்லோரையும் ஏமாற்றிவிட்டு, தானாகத் துணிந்து செய்யும் காரியம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். சண்டை தொடங்கும் நேரம் பார்த்து அவளுக்கு நினைவு தப்பிவிடுகிறது! கதை சொல்கிறவளே அவள்தானே, அவளோடு சேர்ந்து நாமும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்த்துவிட்டு, சூரசம்ஹாரத்தின்போது தூங்கிப்போன கதை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரி பாட்டி, அதைப் படித்த இரண்டு நாளும் ராத்திரி ஒரு மணிவரை உங்கள் அறையில் விளக்கு எரிந்ததே, ஏன்?" என்றாள். நல்ல மழை, தூக்கம் வரவில்லை என்று சமாளித்தேன். உண்மையில், கதை நடக்கும் அந்த ஊரில் ஓயாமல் பெய்கிற மழையும் ஈரமும் எனக்குப் பிடித்திருந்தன. பதினேழு வயதில் ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பாடம் ஏறாதே, அதை அந்த அம்மாள் சரியாகவே பிடித்திருக்கிறார். உனக்கு நினைவிருக்கும், நம் விடுதி நாட்கள்.

அதனால் பிடுங்கிவைக்காதே, படிக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த வருடம் பலமாக அடிக்கிறது, முற்றத்து முருங்கை போன வாரம் முறிந்துவிழுந்தது. ஆடி பிறந்ததும் நீ இங்கே வந்து ஒரு வாரமாவது இருந்துவிட்டுப் போ. கோபாலபுரம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். வரும்போது, உன் பேத்தி முடித்திருந்தால், இரண்டாம் பாகத்தையும் கையோடு எடுத்துவா.

அன்புடன்,
மீனாட்சி