வளையம் மாட்டிய பிறகு நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நொறுங்கிய காலை வெட்டாமல் காப்பாற்றும் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் ஆபரேஷன் தியேட்டரோடு முடிந்துவிட்டது. என் தம்பிக்கு பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு சிதறி, சீழ் பிடித்த துண்டுகளை எல்லாம் எடுத்த பிறகு 7 சென்டிமீட்டர் வெறும் இடைவெளிதான் மிஞ்சியது. இலிசரோவ் வளையம் மாட்டினார்கள், அதாவது காலைச் சுற்றி வெளியே உலோக வளையங்கள், அவற்றிலிருந்து தோல் வழியாக எலும்புக்குள் போகும் கம்பிகள், எலும்பை நகர்த்தத் திருப்பும் நட்டுகள். எங்களுக்கு வேலை ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

ரஷ்யாவில் சைபீரியாவின் குர்கான் நகரத்தில் இருந்துகொண்டு டாக்டர் இலிசரோவ் கண்டுபிடித்தது இதுதான்: நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, சில நாள் விட்டு, அந்தத் துண்டை இடைவெளியை நோக்கி மெல்ல மெல்ல நகர்த்தினால் பின்னால் விடும் இடத்தில் புது எலும்பு வளரும். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர், அதுவும் கால் கால் மில்லிமீட்டராக நாலு தடவை. வேகமாக இழுத்தால் எலும்பு சரியாக வளராது, ரொம்ப மெதுவாக இழுத்தால் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த நட்டைத் திருப்பியது அம்மா. காலை 6 மணி, மதியம், சாயங்காலம், படுக்கப்போகும் முன், ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் ஒரு கோடு, இப்படி 70 நாள். அப்புறம் புது எலும்பு கெட்டிப்படும் வரை வளையத்தோடேயே இருந்தான், மொத்தம் 11 மாதம்.

கம்பி தோலுக்குள் போகும் இடங்களைத் தினமும் துடைக்க வேண்டும், விட்டால் சீழ் வைக்கும். சிகரெட் பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். இதெல்லாம் எங்களுக்குச் சொன்னார்கள். பாதம் கீழ்நோக்கி விறைத்துக்கொள்ளும், முதல் வாரத்திலிருந்தே பிசியோதெரபி வேண்டும் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தம்பி இப்போது நடக்கிறான், வேலைக்குப் போகிறான், ஆனால் அந்தக் கணுக்கால் மடங்காததால் அவனால் குத்தவைத்து உட்கார முடியாது.

உயரம் தாண்டுவதில் 1964 டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வலேரி புரூமெல், மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் சிதைந்து, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இலிசரோவிடம் போய்க் குணமாகி மறுபடியும் தாண்டினார். தம்பி சோர்ந்த நாட்களில் எல்லாம் இதைத்தான் சொல்லித் தேற்றினேன். ஆனாலும் எல்லோருக்கும் இந்த வழி சரிவரும் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் வேலைக்குப் போக முடியாத குடும்பத்தலைவருக்கு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தி, சில மாதத்தில் நடப்பதே மேலாகத் தோன்றலாம். இரண்டையும் முன்கூட்டியே விளக்கினால்தானே அவர் முடிவெடுக்க முடியும்?

அடுத்த முறை சர்ஜனோடு ஒரு பிசியோதெரபிஸ்டையும், வளையத்தோடு வாழ்ந்த ஒருவரையும் பேச வையுங்கள். தம்பி பேசத் தயார்.

ஒரு வாசகி,
திருச்சி