இளையோர் குற்றத் தடுப்புத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

பிள்ளைகளின் மாலை நேரத்தை விளையாட்டாலும் முகாம்களாலும் நிரப்பிவிட்டால் குற்றம் குறையும் என்று எழுதுகிறீர்கள். சான்றாகக் காட்டுவது கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை. அக்கோட்பாட்டிலேயே நைந்த இழை, நேரத்தை நிரப்பினால் போதும் என்ற அந்தப் பகுதிதான்.

'இவன் ஏன் தவறு செய்தான்?' என்று கட்டுப்பாட்டுக் கோட்பாடு கேட்பதில்லை. 'மற்றவர்கள் ஏன் செய்யவில்லை?' என்றே கேட்கிறது. மனிதன் பிறவியிலேயே தீயவன் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குறுக்குவழியில் கிடைக்கும் பலன் யாரையும் ஈர்க்கும்; அந்த ஈர்ப்புக்குத் தனிக் காரணம் தேட வேண்டாம், தடுப்பது எது என்று தேடினால் போதும் என்பதே அதன் அடிப்படை.

1969இல் குற்றவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி தடுப்பவையாக நான்கு பிணைப்புகளைச் சொன்னார்: பெற்றோர், பள்ளி போன்றவற்றின் மீதான பற்று, இழக்க விரும்பாத எதிர்காலம், செயல்களில் ஈடுபாடு, விதிகள் மீதான மதிப்பு. கலிபோர்னியாவில் 4,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் திரட்டிய தரவில் ஈடுபாடு எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. வீட்டுப்பாடத்துக்குச் செலவிட்ட நேரம் உதவியது. பகுதிநேர வேலையும் பொழுதுபோக்கும் உதவவில்லை. திருட்டுக்குச் சில நிமிடங்கள் போதும். எவ்வளவு நிரப்பினாலும் அந்த நிமிடங்கள் மிஞ்சும்.

பற்றுதான் வலுவாக நின்றது. ஆகவே வருகைப் பதிவேட்டை மட்டும் எண்ணாதீர்கள். 'வெளியே போகும்போது எங்கே, யாருடன் இருக்கிறாய் என்று வீட்டில் தெரியுமா?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை. ஒரே முறை கேட்டால், பிணைப்பு தளர்ந்ததால் தவறு நடந்ததா, தவறு நடந்ததால் பிணைப்பு தளர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது. எங்கள் கணிப்பில், பெரும்பாலான மதிப்பீடுகள் சறுக்குவது இங்கேதான்.

1990இல் ஹிர்ஷியும் காட்ஃபிரட்சனும் கவனத்தைச் சுயகட்டுப்பாட்டுக்குத் திருப்பினர். அது வளர, பெற்றோர் பிள்ளையைக் கவனிக்க வேண்டும், தவறைத் தவறென்று அடையாளம் காண வேண்டும், திருத்த வேண்டும். பத்து வயதளவில் சுயகட்டுப்பாடு பெரும்பாலும் நிலைபெற்றுவிடும் என்றனர். இதைக் காட்டிப் பதின்பருவத்தினருக்கான நிதியை வெட்டுவது தவறு. 1993இல் ஆய்வாளர்கள் சாம்ப்சனும் லாபும், இளம் வயதில் குற்றம் புரிந்தவர்களும் நிலையான வேலையாலும் நல்ல மணவாழ்வாலும் குற்றத்திலிருந்து விலகியதைக் காட்டினர்.

அடுத்த திட்ட வரைவில் நான்கு பிணைப்புகளையும் தனித்தனியே அளக்கும் கேள்விகளைச் சேருங்கள். முகாம் நிதியில் ஒரு பகுதியைப் பெற்றோர் பயிற்சிக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் ஆசிரியர்கள் சிலர்